இடது பக்கத்து வளையல்

டொப். அவ்ளோதான் சத்தம். இடது காதுக்குள்ள யாரோ கட்டை விரலால ஒரு அழுத்து அழுத்திட்டு கையை எடுத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. வலது பக்கம் மட்டும் கொயர் பாடிட்டே இருக்கு, பாதி பேர் வந்து பாதி பேர் வராத கோயில் மாதிரி. நான் அப்படியே உக்காந்திருக்கேன், கை சுவிட்ச் பக்கம் போகவே இல்ல, ஏன் போகலன்னு இப்ப நெனச்சா எரிச்சலா வருது. அப்புறம்தான் வாசனை வந்துச்சு, சூடான தோசைக்கல்லு மேல பிளாஸ்டிக் கரண்டிய மறந்து வச்சா வருமே, அது. ஆஃப் பண்ணேன். ஹெட்போனைக் கழட்டினேன். சிப்பைத் தொட்டேன், தொட்டிருக்கக் கூடாது, ஆள்காட்டி விரல் நுனில இப்ப ஒரு வெள்ளைப் புள்ளி, போன்ல டைப் பண்ணா வலிக்குது, அதனால நடுவிரலால அடிச்சிட்டிருக்கேன், எழுத்து முன்ன பின்ன இருந்தா கண்டுக்காதீங்க. சிப் போச்சு, அதுல சந்தேகமே இல்ல, மேல சின்னதா ஒரு கொப்புளம் வந்திருக்கு அதுக்கும், எனக்கு வந்த மாதிரியே. அது போகட்டும். ஹெட்போன்ல இடது பக்க ஸ்பீக்கரும் போயிருக்கலாம். அதுவும் போகட்டும்னு சொல்லிக்கலாம். ஆனா இப்ப ஹெட்போன் மேசை மேல கெடக்கு, என் தலையில ஒண்ணும் இல்ல, அப்பவும் இடது காதுல பஞ்சு வச்ச மாதிரி இருக்கு. உள்ள ஙொய்ய்னு ஒரு கோடு இழுத்துக்கிட்டே போகுது, நிக்க மாட்டேங்குது. சிப்பா, ஸ்பீக்கரா, இல்ல காதா. இந்தக் கடைசி வார்த்தைய டைப் பண்ணிட்டு அழிச்சேன். மறுபடி டைப் பண்ணிட்டேன்.

எப்படி ஆச்சுன்னு சொல்றேன், தெரியாதவங்களுக்கும் சேத்து. சோப்பு டப்பா சைஸுல ஒரு ஆம்ப், பாக்கெட்ல போட்டுக்கலாம், போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவுல மாட்டுறது. மூடியக் கழட்டினா உள்ள மூணு சாக்கெட். நடுவுல ஆப்-ஆம்ப், சின்ன சத்தத்தப் பெருசாக்குற சிப். அதுக்கு ரெண்டு பக்கமும் பஃபர்னு ஒவ்வொரு சிப், இடது காதுக்கு ஒண்ணு, வலது காதுக்கு ஒண்ணு, பெருசான சத்தத்த ஹெட்போனுக்குள்ள தள்ளிவிடுற வேலை அதுங்களுது. எல்லாமே எட்டுக் கால் பூச்சி மாதிரிதான் இருக்கும். சால்டரிங் கிடையாது, புடுங்கிட்டு வேற மாட்டலாம், அதுக்குன்னே செஞ்ச ஆம்ப். ஒரு சிப்பு போட்டா பாடுறவங்க கிட்ட வந்து நிப்பாங்க, இன்னொண்ணு போட்டா ஹாலே பெருசாயிடும், ஒரே பாட்டு, வேற வேற ரூம்ல உக்காந்து கேக்குற மாதிரி. அந்தப் பைத்தியம் புடிச்சவங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு ஓரத்துல பிறை மாதிரி குட்டியா ஒரு வெட்டு இருக்கும், சாக்கெட்லயும் அதே வெட்டு, ரெண்டும் ஒரே பக்கம் பாக்கணும், இல்லன்னா கரண்ட் தலைகீழா ஏறி சிப் வெந்துரும். என் போர்டுல என்ன வம்புன்னா இடது சாக்கெட்டும் வலது சாக்கெட்டும் எதிரெதிரா நிக்கும், கண்ணாடி முன்னாடி நிக்கிற மாதிரி. ஒரு பக்கத்துல இருக்குறத அடுத்த பக்கத்துக்கு மாத்தணும்னா திருப்பி மாட்டணும். நம்ம வாட்ஸ்அப் குரூப்ல இந்த ஆம்ப் வாங்குற எல்லாருக்கும் நான்தான் சொல்லுவேன், திருப்பி மாட்டுங்க, திருப்பி மாட்டுங்கன்னு. இன்னிக்கி ரெண்டு பஃபரையும் பக்கம் மாத்திட்டிருந்தேன். இடதுல இருந்தத எடுத்து, திருப்பி, வலதுல ஒழுங்கா மாட்டியாச்சு. வலதுல இருந்தது கைல இருக்கு. அப்ப முதுகுல பொளேர்னு ஒரு அடி. டெல்பின் அக்கா. கொயர் ப்ராக்டிஸுக்குக் கெளம்பி, துப்பட்டாவ பின் பண்ணிக்கிட்டே நிக்கிறா. "எவ்ளோ நேரமாடா கூப்பிடுறது, நீ என்ன செவி" அப்படின்னு ஆரம்பிச்சு மிச்சத்த முழுங்கிட்டா. எங்க வீட்ல அந்த வார்த்தைய யாரும் சொல்ல மாட்டோம், ஹால்ல அப்பா இருக்காரு. "மோட்டர் போட்டிருக்கேன், டாங்க் ரொம்பினதும் நிறுத்து. போன வாரம் மாதிரி பண்ணி வைக்காத, கீழ சகாயம் ஆன்ட்டி காயப்போட்ட வடகம் பூரா கஞ்சியாப் போச்சு." "ஹெட்போன் மாட்டிருந்தேன்க்கா." "எங்க மாட்டிருந்த, கழுத்துலல்ல கெடந்துச்சு." போயிட்டா. கதவு சாத்துற சத்தம். நான் கைல இருந்த சிப்ப அப்படியே மாட்டிட்டேன். திருப்பல. கழுத்துலல்ல கெடந்துச்சுன்னு சொன்னாளே, அதையே நெனச்சிக்கிட்டு மாட்டிட்டேன்.

கழுத்துலயா இருந்துச்சு. இல்ல, காதுலதான் இருந்துச்சு. பாட்டு ஓடிட்டுதான் இருந்துச்சு. இல்ல, பாட்டு முடிஞ்சு அடுத்தத தேடிட்டிருந்தேன், அப்ப இறக்கி விட்டிருப்பேன். எங்க டாங்க் வழிஞ்சா தண்ணி மாடிலேருந்து கீழ் வீட்டு தகரக் கொட்டாய் மேலதான் விழும், தடதடதடன்னு, அது கேக்கலன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, பக்கத்து சந்துல இருக்குறவனுக்கே கேக்கும். என் ஜன்னலுக்கு நேர் கீழதான் அந்தத் தகரம். ஜன்னல் எனக்கு இடது பக்கம். சரி விடுங்க, அது போன வாரம். இப்ப மோட்டர் ஓடுதுல்ல, உர்ர்னு கேக்குதுல்ல, கேக்குது. எந்தக் காதுல கேக்குதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியுமா யாராலயாவது. ரெண்டுலயும்தான் கேக்குது. கேக்கணும்.

ஜமீலுக்கு ஃபோன் பண்ணேன். பாலக்கரைல செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கான், இந்தப் பைத்தியத்த எனக்கு ஒட்டவச்சதே அவன்தான், என் ஆம்ப்போட தம்பி ஒண்ணு அவன்கிட்டயும் இருக்கு, அதே கம்பெனி, அதே மாடல். விஷயத்தச் சொன்னதும் சிரிச்சான். "யாரு, திருப்பி மாட்டுங்கன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குற ஆளா. குரூப்ல போடட்டா." "டேய், காது ஒரு மாதிரி இருக்குடா." "என்ன மாதிரி." "அடச்ச மாதிரி." "அவ்ளோ பெரிய பேட்டரியாடா அது, காதப் புடுங்க. ரெண்டு நாள் அடைக்கும், போயிடும். இப்ப ஒண்ணு பண்ணு. வெந்த சிப்ப எடுத்துட்டு ஆன் பண்ணு, வலது பக்கம் பாடுதா." "பாடும்." "அப்ப ஹெட்போனத் திருப்பிப் போடு. பாடுற பக்கத்த இடது காதுல வை. கேட்டா காது ஓகே, ஸ்பீக்கர்தான் அவுட்டு. முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு மூச்சு வாங்குற." "சரி, பண்றேன்." "லைன்ல இருந்துகிட்டே பண்ணேன்." "கஸ்டமர் வந்திருப்பாங்க, நீ பாரு." "யாரும் வரலடா." "அப்புறம் கூப்பிடுறேன்." வச்சுட்டேன். போன வச்சிட்டுப் பாக்குறேன், வலது காதுலேருந்து எடுத்திருக்கேன். எப்பவும் இடது பக்கம்தான வச்சுப் பேசுவேன், வலது கைல எழுதணும்ல, ஐடிஐல படிக்கும்போதெல்லாம் தோள்ல இடுக்கிக்கிட்டே பேசுவேனே. எப்ப மாறுச்சு. இப்ப டொப்புனு ஆனதால வலது பக்கம் வச்சிருப்பேன். அது நியாயம்தான. நேத்து எந்தக் காதுல வச்சேன். நேத்து எந்தக் காதுலன்னு யாருக்குங்க ஞாபகம் இருக்கும்.

வெந்த சிப்ப எடுத்துட்டேன். ட்வீசர்ல ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா நெம்பி, கால் வளையாம, வெந்து போன சிப்புக்கு கால் வளைஞ்சா என்ன வளையாட்டி என்ன, ஆனா கை அப்படித்தான் பழகியிருக்கு. இப்ப ஆன் பண்ணி திருப்பிப் போடணும். ஒரு நிமிஷ வேலை. அதுக்கு முன்னாடி ஸ்க்ரூவெல்லாம் ஒரு மூடில எடுத்து வச்சேன். மேசையத் தொடச்சேன். தண்ணி குடிச்சேன். ஜன்னல்கிட்ட நிக்கல, ஏன்னா நின்னா தெருச் சத்தத்த வச்சு காத சோதிக்கத் தோணும். விரலைத் தேய்ச்சுப் பாக்கலாம்னு தோணுச்சு, காதுகிட்ட ரெண்டு விரலை வச்சு சரசரன்னு, டாக்டர் அப்பாவுக்குப் பண்ணாரே, நான் கூடப் போயிருந்தேன், வலது பக்கம் பண்ணதும் அப்பா தலைய ஆட்டினாரு, இடது பக்கம் பண்ணும்போது எப்ப ஆரம்பிக்கப் போறீங்கன்னு டாக்டரைக் கேட்டாரு. டாக்டர் என்னைப் பாத்தாரு. அவரு விரல் தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் கையை தொடைக்கடியில வச்சு உக்காந்துக்கிட்டேன். ஹெட்போனைத் தலைகீழா மாட்டுறது எனக்குப் புடிக்காது, அதையும் சொல்லிடறேன். இடதுன்னா இடது, வலதுன்னா வலது, பாட்டப் பதிவு பண்ணவன் ஆளுங்கள ஒரு இடத்துல நிக்க வச்சிருக்கான், நாம மாத்தி நிக்க வைக்கக் கூடாது. இத்தன வருஷத்துல ஒரு தடவகூட நான் திருப்பிப் போட்டதில்ல. அதான் தயங்குறேன். வேற ஒண்ணும் இல்ல.

ஏன் இன்னிக்கி பக்கம் மாத்தினேன்னு கேப்பீங்க. இடது பக்கம் மங்கலா இருந்துச்சு. இன்னிக்கி இல்ல, ஈஸ்டருக்கு முன்னாடிலேருந்து. கிறிஸ்துமஸ் ப்ராக்டிஸ் அன்னிக்கி எங்க கோயில் பங்கு ஹால்ல ரெண்டு மைக் வச்சு எங்க கொயர நானே ரெக்கார்ட் பண்ணேன், அதான் என் டெஸ்ட் பாட்டு, புது சிப் எது வந்தாலும் முதல்ல அதுதான் ஓடும், ஏன்னா அதுல யாரு எங்க நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். வலது கடைசில கட்டைக் குரல் ஜோசப் அண்ணன், நடுவுல கீபோர்டு, இடது கடைசில டெல்பின் அக்கா. அக்கா அன்னிக்கி கண்ணாடி வளையல் போட்டிருந்தா. ரெண்டாவது சரணம் முடிஞ்சு மூணாவது ஆரம்பிக்குற எடத்துல பாட்டு புக்குல பக்கத்தத் திருப்புவா, அப்ப அந்த வளையல் ரெண்டு உரசும். சிலுங். அவ்ளோதான், பாடுறவங்க மூச்சு இழுக்குற அந்த சின்ன இடைவெளில, தூசி மாதிரி ஒரு சத்தம். ரெக்கார்ட் பண்ண அன்னிக்கே கேட்டேன், அக்காவுக்குக் காட்டினேன், "ஐயய்யோ அத எடுத்துருடா"ன்னா, நான் எடுக்கல. அதுக்கப்புறம் அதுதான் என் அளவுகோல். வளையல் கேட்டா நல்ல சிப், கேக்கலன்னா சும்மா சிப். ஈஸ்டருக்கு முன்னாடி ஒரு நாள் வளையல் கேக்கல. ஆப்-ஆம்ப மாத்தினேன், கேக்கல. பஃபர மாத்தினேன். பழைய சிப்ப திரும்பப் போட்டேன், அதுல முன்னாடி கேட்டுச்சே, அதுலயும் இல்ல, சரி புடுங்கிப் புடுங்கி அது கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன். இடது பக்கத்துக்கு மட்டும் கூர்மையான ஒரு பஃபர், வலது பக்கத்துக்கு சாதாரணம், இப்படி யாரும் பண்ண மாட்டாங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் போடுவாங்க, நான் பண்ணேன். குரூப்ல ஜமீல் எழுதினான், ஒரு கால்ல செருப்பு ஒரு கால்ல ஷூ போட்டுட்டு கல்யாணத்துக்குப் போறான் பாருங்கன்னு. எல்லாரும் சிரிப்பு பொம்மை போட்டாங்க. இடது பக்கம் மங்கல்ங்குறது இந்த மாடல்லயே உள்ள கோளாறுன்னு நான் பெருசா எழுதினேன், வேற யாருக்கும் அப்படி இல்லன்னாங்க. ஜமீலுக்கு அந்த ரெக்கார்டிங் அனுப்பினேன். "எனக்கு 5532லயே வளையல் கேக்குதே"ன்னான். 5532ங்குறது தெருவுக்குத் தெரு இருக்குற சிப்பு, கல்யாண மண்டப மிக்ஸர்லயெல்லாம் அதுதான். நான் நம்பல. வளையல் இருக்குன்னு நான் சொல்லித் தெரிஞ்சதால கேக்குதுன்னு சொல்றான்னு நெனச்சேன். அப்புறம்தான் இன்னிக்கி யோசனை வந்துச்சு, பஃபர் ரெண்டையும் பக்கம் மாத்திப் பாத்தா மங்கல் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சிடும், வலதுக்குப் போச்சுன்னா சிப்போட கோளாறு, இடதுலயே நின்னுச்சுன்னா போர்டோட கோளாறு. சிப்பு இல்லன்னா போர்டு. எவ்ளோ தெளிவா யோசிச்சிருக்கேன் பாருங்க. சிப்பு இல்லன்னா போர்டு.

ஹால்ல டிவி கத்திக்கிட்டிருக்கு. அப்பாவுக்குக் கத்தணும். காமெடி ப்ரோக்ராம் ஏதோ, கூட்டம் சிரிக்குது, அப்பா கொஞ்சம் பின்னாடி சிரிக்குறாரு. எப்பவும் அப்படித்தான். வீட்ல எல்லாரும் உக்காந்து சாப்பிடும்போது அக்கா ஏதாவது சொல்லுவா, நாங்க சிரிப்போம், அப்பா எங்க முகத்தப் பாப்பாரு, அப்புறம் சிரிப்பாரு. என்ன சொன்னான்னு கேக்க மாட்டாரு. முன்னாடியெல்லாம் கேப்பாரு. துவாக்குடி பக்கம் ஒரு பேப்ரிகேஷன் யூனிட்ல இரும்புத் தகடு அடிக்கிற வேலை, அந்தச் சத்தத்துலதான் காது போச்சுன்னு எல்லாரும் சொல்லுவோம், நாங்களே சொல்லிச் சொல்லி அது உண்மையாயிடுச்சு. ஆனா அப்பா கூட அடிச்ச செல்வம் மாமாவுக்கு காது நல்லாத்தான் இருக்கு, அவரு போன்ல குசுகுசுன்னு பேசுவாரு. அப்பாவோட தங்கச்சி ரோசலின் அத்தை கன்னியாஸ்திரி, சின்ன வயசுலயே மடத்துக்குப் போயிட்டாங்க, அங்க யாரும் தகடு அடிக்கிறதில்ல, அவங்களும் பேசும்போது முகத்தத் திருப்பி வலது காதத்தான் குடுப்பாங்க. ஆண்டவர் அந்தப் பக்கமா வந்து பேசுறாரு, அதான் மனுஷங்களுக்கு இந்தப் பக்கம்னு அத்தையே சிரிச்சுக்கிட்டு சொல்லுவாங்க. அப்ப நானும் சிரிச்சேன். அப்பாவுக்கு காது போக ஆரம்பிச்சப்ப அவருக்கு எத்தன வயசு, எனக்கு இப்ப எத்தனன்னு கணக்குப் போட்டுட்டிருக்கேன், வேண்டாம். கோயில்ல அப்பா எப்பவும் பெஞ்சுல இடது ஓரத்துலதான் உக்காருவாரு, எல்லாரும் வலது பக்கம் வர்ற மாதிரி. போன ஞாயிறு நான் எங்க உக்காந்தேன். தூணுக்குப் பக்கத்துல. தூணு எனக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு.

கதவு தெறந்துச்சு. அப்பா. "என்னடா கருகுது." "ஒண்ணுமில்லப்பா." "ஆ." "ஒண்ணுமில்லன்னேன். ஒரு சிப்பு." அவரு உள்ள வந்து மேசையப் பாத்தாரு, தெறந்து கெடக்குற ஆம்ப், ட்வீசர், ஸ்க்ரூ மூடி. வலது காதக் குடுத்துக்கிட்டே குனிஞ்சாரு. "கரண்ட் அடிச்சுதா." "இல்லப்பா." "முகம் ஏன் இப்படி இருக்கு." "எப்படி இருக்கு." "ஆ." "ஒண்ணுமில்லப்பா, நீங்க போய் டிவி பாருங்க." "டீ போடட்டா." "வேணாம்." போகும்போது சொன்னாரு, "அக்கா ஏதோ மோட்டர்னு சொல்லிட்டுப் போனா, பாத்துக்கோ." பாத்துக்குறேன்னு தலைய ஆட்டினேன். அவர்கிட்ட பேசும்போது தலைய ஆட்டுறதுதான் வசதி. அவரு போன உடனே எனக்கு என்னமோ ஆச்சு, இனிமே தள்ளிப்போட முடியாதுன்னு. ஆம்ப ஆன் பண்ணேன், போன்ல கொயர வச்சேன், ஹெட்போனைத் திருப்பினேன், எல்னு போட்டிருக்குற கப்பு வலது பக்கம், ஆர்னு போட்டிருக்குறது இடது பக்கம், தலையில மாட்டினேன். கண்ண மூடிக்கிட்டேன். எதுக்கு மூடினேன்னு தெரியல.

கேட்டுச்சு. ஜோசப் அண்ணன். என் இடது காதுக்குள்ள அந்த கட்டைக் குரலு வந்து உக்காந்துச்சு, பக்கத்துலயே, அவரு மூச்சு விடுறதுகூட. கீபோர்டு பாதி. கேக்குது, கேக்குது, என் காது இருக்கு. சிரிச்சேன், தனியா உக்காந்து சிரிச்சேன், மேசைய ஓங்கித் தட்டினேன், ஸ்க்ரூ எல்லாம் குதிச்சுது. ஸ்பீக்கர்தான் அவுட்டு. டேய் ஜமீல், ஸ்பீக்கர்தான்டா, காது ஓகேன்னு டைப் பண்ணி அவனுக்கு அனுப்பிட்டேன், அதுக்கு கட்டை விரல் வந்துச்சு, கூடவே "நூறு ரூபா டாக்டர் ஃபீஸ் அனுப்பு"ன்னு. அந்தப் பஞ்சு, அந்த ஙொய், அதெல்லாம் போயிடும், அவன் சொன்ன மாதிரி ரெண்டு நாள். சந்தோஷத்துல என்ன பண்ணேன்னா, பாதி கொயர் மட்டும் பாடுதேன்னு போன்ல செட்டிங்ஸுக்குப் போய் மோனோவ தட்டிவிட்டேன். மோனோன்னா ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒண்ணாக் கலந்து ரெண்டு காதுக்கும் குடுக்கும், ஒரு கப்பு மட்டும் பாடினாலும் முழு கொயரும் அதுக்குள்ள வந்துடும். வந்துச்சு. அக்காவும் வந்துட்டா. எல்லாரும் ஒரு சின்ன ரூம்ல தோளோட தோள் இடிச்சு நிக்கிறாங்க, என் இடது காதுக்குள்ள. ரெண்டாவது சரணம் ஓடுது. நானும் கூடப் பாடுறேன். சரணம் முடியுது, எல்லாரும் மூச்சு இழுக்குறாங்க. மூணாவது ஆரம்பிச்சிருச்சு.

நடுவுல ஒண்ணும் இல்ல.

சரி மோனோ, எல்லாம் கலந்து கெடக்கு, அதுல மறைஞ்சிருக்கும். கொஞ்சம் பின்னாடி ஓட்டினேன். மூச்சு. ஒண்ணும் இல்ல. இது வலது பக்க பஃபர், இன்னிக்கி காலைல வரைக்கும் இடதுல இருந்தது, இருக்குறதுலயே கூர்மையானது. சத்தத்தக் கூட்டினேன். ஜோசப் அண்ணன் காதக் கிழிக்கிறாரு, மூச்சு புயல் மாதிரி வருது, நடுவுல ஒண்ணும் இல்ல. அப்ப கை தானா போச்சு. நான் போகச் சொல்லல. ஹெட்போனைக் கழட்டி நேரா மாட்டுச்சு, பாடுற கப்பு இப்ப வலது காதுல. அதே கப்பு. அதே சிப்பு. அதே போன், அதே பாட்டு, அதே எடம், எதையும் தொடல. ரெண்டாவது சரணம் முடிஞ்சுது. மூச்சு. சிலுங். அக்கா பக்கத்தத் திருப்புறா. கண்ணாடி, ரெண்டு வளையல், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி சறுக்கி, எவ்ளோ சுத்தமா, இதுக்கா நான் மாசக்கணக்கா புடுங்கிப் புடுங்கி மாட்டினேன், எங்கயும் போகல, எல்லா சிப்புலயும் இது இருந்திருக்கு, 5532லகூட. திருப்பினேன், இடது, இல்ல. திருப்பினேன், வலது, சிலுங். இடது, இல்ல. இன்னிக்கி போனதில்ல இது. டொப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. டொப் ஆகாம இருந்திருந்தா ரெண்டு பக்கமும் பாடிட்டிருக்கும், நான் சிப்பு இல்லன்னா போர்டுன்னு அடுத்த சிப்ப தேடிட்டிருப்பேன். போர்டத் தாண்டி காது வரைக்கும் நான் ஒரு தடவகூட போய்ப் பாக்கல. சிப்பு, போர்டு, ஸ்பீக்கர், எல்லாத்தையும் மாத்திப் பாத்தேன், மாத்த முடியாதத மட்டும் விட்டுட்டேன்.

ஹெட்போனைக் கழட்டி மேசைல வச்சேன். ஹால்ல டிவி, அதுக்குப் பின்னாடி மோட்டர் உர்ர்னு. அதோட சத்தம் மாறியிருக்கோன்னு தோணி தலைய ஜன்னல் பக்கம் திருப்பினேன், வலது காது ஜன்னலப் பாக்குற மாதிரி. தடதடதடன்னு தகரத்து மேல தண்ணி. எப்பலேருந்து. கீழேருந்து சகாயம் ஆன்ட்டி, "மேல மனுஷங்க இருக்கீங்களா இல்லையா, எவ்ளோ நேரம்யா கத்துறது." ஓடினேன். மோட்டர் சுவிட்ச் ஹால்ல, அப்பா உக்காந்திருக்குற சேருக்கு மேலயே இருக்கு. நிறுத்தினேன். வீட்ல ரெண்டு ஆம்பளைங்க இருக்கோம், தலைக்கு மேல தண்ணி வழிஞ்சிருக்கு, ரெண்டு பேருக்கும் தெரியல. "வழிஞ்சிடுச்சாப்பா"ன்னு அப்பா கேட்டாரு. தலைய ஆட்டினேன். அவரு டிவியப் பாத்துக்கிட்டே, ரொம்ப சாதாரணமா, "நீ உள்ள இருக்கல்ல, உனக்குக் கேக்கும்னு நான் விட்டுட்டேன்"னாரு. டிவில கூட்டம் சிரிச்சுது. அவரு கொஞ்சம் கழிச்சு சிரிச்சாரு. நான் அவரு பக்கத்துல உக்காந்தேன், அவருக்கு வலது பக்கம், பேசினா கேக்குற பக்கம். உக்காந்தப்புறம்தான் தெரியுது, அவரு இப்ப எனக்கு இடது பக்கம். அவரு ஏதோ சொல்றாரு, டிவி சத்தத்துல வாய் அசையறது தெரியுது. நான் முழுசா அவரு பக்கம் திரும்பி உக்காந்து, ஆன்னு கேட்டேன்.

ஜமீல் திரும்ப மெசேஜ் போட்டிருக்கான், ஃபீஸ் எங்கன்னு. இத குரூப்ல போடுறேன், ஃபோட்டோ எதுவும் வைக்கல, வெந்த சிப்ப யாரும் பாக்க வேண்டாம். ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. போன்ல மோனோவ தட்டுங்க, ஒரே கப்ப முதல்ல வலது காதுல வைங்க, அப்புறம் அதே கப்ப இடது காதுல வைங்க, நல்லாத் தெரிஞ்ச ஒரு பாட்டு, அதுல நல்லாத் தெரிஞ்ச ஒரு சின்ன சத்தம். ரெண்டு பக்கமும் ஒண்ணு போலதான் வரும்னு நீங்க நெனச்சுக்கிட்டிருப்பீங்க, நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். பண்ணிப் பாத்துட்டு சொல்லுங்க, யாராவது ஒருத்தராவது சொல்லுங்க. உங்களுக்கும் இப்படி ஒரு பக்கம் கொஞ்சம் கம்மியா, கொஞ்சூண்டுதான், கேக்குதா?